உன் லாரியைப் பூதம் என்று எழுதினேன், நைனா

என் நைனாவுக்கு,

எங்கே இருந்தாலும் இப்போதாவது கால் நீட்டிப் படுத்திருப்பாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுந்திருக்க வேண்டாம். படுத்தபடியே கேள். உயிரோடு இருந்தபோதும் நான் அனுப்பியதையெல்லாம் காதால்தான் கேட்டாய். இதையும் யாராவது உனக்குப் படித்துக் காட்டட்டும்.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. அம்மா உடம்புக்கு ஒன்றுமில்லை. வழக்கம் போல நண்டுக் கூடையோடு பழவேற்காடு மார்க்கெட்டுக்குப் போகிறாள். உன் சட்டைகளில் இரண்டை மாமா போட்டுக்கொள்கிறார், தோள்பட்டை மட்டும் தொளதொளவென்று தொங்குகிறது. நான் பி.ஏ. இரண்டாம் வருடம் முடிக்கப் போகிறேன். நல்ல சேதி இவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை எங்கள் கல்லூரி மாணவர்களின் கையெழுத்துப் பத்திரிகையில் போடுகிறார்கள். நான்தான் கேட்டு வாங்கினேன். உன்னிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி அழுதுவிட்டுப் போகிற காரியமில்லை இது. ஊரறிய எழுதிய தப்பை ஊரறியத்தானே சொல்ல வேண்டும்?

உன்னை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், குறுக்கே பேசாதே. நைனா என்றால் எங்கள் குப்பத்தில் அப்பா. என் நைனா பெயர் தேசிங்கு. ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்து, படகு ஓட்டி, ஏரியில் கிடைப்பது வீட்டுக்குப் போதாமல் போனதும் லைசென்ஸ் எடுத்து டிப்பர் லாரிக்குப் போனவர். ஜல்லி லோடு. பேருந்துப் பலகையில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பார், அதற்கு மேல் படிப்பு கிடையாது. நான் ஒன்பதாவது படித்தபோது, லோடுக்குக் காத்திருந்த இடத்தில் பிளாட்பாரத்தில் ஒரு பழைய புத்தகத்தை வாங்கி வந்தார். அட்டையில் இறக்கை முளைத்த ஏதோ ஒன்று நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது.

"பாப்பா, இது இன்னா ஜந்துன்னு படிச்சுச் சொல்லு."

படித்துச் சொன்னேன். அங்கே ஆரம்பித்தது நைனா, எல்லாம். டிராகன், பூதம், மந்திரவாதி, பேசும் மரம் என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததை உனக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். லாரியில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்பாய். "கதை ஓடுனா தூக்கம் வராதும்மா" என்பாய். பிறகு கதையை விட்டுவிட்டு, அதில் எது சரியில்லை என்று அனுப்பச் சொன்னாய். அப்படித்தான் நான் கட்டுரை எழுத ஆரம்பித்தேன். கல்லூரியில் இதற்கு மிகுபுனைவு ஆய்வு என்று பெயர். உனக்கு அது 'பூதக் கதை நோட்டு'.

ஒரு முறை ஒரு டிராகனைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசி அனுப்பினேன். அது காவல் காக்கும் புதையல், அதன் வயது, அதன் கோபம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். நீ அனுப்பிய பதில் ஒரே வரி.

"அதெல்லாம் செரி. அது எப்போம்மா தூங்கும்?"

என்னிடம் இருந்த புத்தகங்களையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். நான் தேடியவரை பூதங்கள் காவல் காத்தன, துரத்தின, கொன்றன. தூக்கத்துக்காகத் தவித்த பூதம் ஒன்றுகூட அகப்படவில்லை. உன் கேள்வியை வைத்தே 'பூதங்கள் தூங்குவதில்லை' என்று ஒரு கட்டுரை எழுதினேன். கல்லூரி மலரில் வந்தது. அதில் உன் பெயரை எங்கேயும் போடவில்லை. யார் கேட்ட கேள்வி என்று கேட்டால் லாரி டிரைவர் என்று சொல்ல வேண்டுமே என்று அப்போதே எனக்கு ஒரு வெட்கம் இருந்தது. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலை.

வேறொரு கட்டுரையை அன்று ஒப்படைக்க வேண்டும். ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன். கைபேசியில் உன் வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது. கட்டுரையைக் கொடுத்துவிட்டு நிதானமாகக் கேட்கலாம் என்று பையில் போட்டேன். நிரம்பிப் போன பஸ் காட்டூர் திருப்பத்தை நிற்காமல் தாண்டியபோது அங்கே நிறுத்தத்தில் பிள்ளைகள் அடுத்த பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். நிழற்குடை இல்லாததால் தார் ரோட்டின் ஓரத்திலேயே நின்றார்கள். அவர்களில் மோனிஷாவும் இருந்திருப்பாள். எங்கள் கல்லூரியில் பி.காம். முதல் வருடம். எனக்கு அவள் முகம் தெரியாது.

அரை மணி நேரம் கழித்து உன் லாரி அந்தத் திருப்பத்தில் ரோட்டை விட்டு இறங்கியது. மோனிஷா அங்கேயே போய்விட்டாள். நெல் வயலில் கவிழ்ந்த வண்டிக்குள்ளிருந்து உன்னை எடுக்கவே நேரமாயிற்றாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நீயும் போய்விட்டாய். மறுநாள் பேப்பரில் மோனிஷாவின் படம் வந்தது. கடைசி வரியில் 'லாரி டிரைவரும் பலியானார்' என்று இருந்தது. பெயர் இல்லை.

உன் மெசேஜை உன்னை அடக்கம் செய்த பிறகுதான் கேட்டேன்.

"பாப்பா, கெளம்பிட்டியா? நேத்து காலைல சீட்டுல உக்காந்தேம்மா, இன்னும் படுக்கல. இந்த லோடு நடையோட ஊட்டுக்குப் போறேன்னு சொன்னா, மொதலாளி இன்னொரு நடை அடிச்சிட்டுப் படுத்துக்கோன்றாரு. கண்ணு எரியுது. எதனா கதை அனுப்பும்மா."

அனுப்பியிருந்தால் விழித்திருப்பாயா, நைனா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது என்று தெரிந்தும் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பதினோராம் நாள் முதலாளி வந்தார். மாலை, பழத்தட்டு, கூடவே ஒரு டைப் செய்த காகிதம். நீ நன்றாக ஓய்வெடுத்த பிறகே வண்டியை எடுத்தாய் என்று அம்மா சொல்வதாக அதில் இருந்தது. நான் வாங்கிப் படித்துவிட்டு, "அம்மா, இதுல கையெழுத்து போடாத, இது பொய்" என்றேன். மாமா என் கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கினார்.

"சும்மா கெட பவானி. அவரு எனக்கு வண்டி தரேன்னு சொல்லிக்கீறாரு. ஊட்ல நாலு பேரு துன்னணும்ல?"

அம்மா என்னைப் பார்த்தாள், தன் தம்பியைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். அடுத்த வாரம் மாமா அதே முதலாளியின் டிப்பரில் ஏறினார். அதே ரோடு, அதே நடைகள். உனக்கு நடந்ததை வெளியே சொன்னால் மாமாவுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் மாமாவும் உன்னைப் போலவே கண் எரிய ஓட்டுவார். எந்தப் பக்கம் கால் வைப்பது என்று சொல்ல நீயும் இல்லை.

கல்லூரிக்குத் திரும்பினேன். நம் குப்பத்திலிருந்து பொன்னேரிக்கு நான் ஒருத்திதான் வருகிறேன், அதனால் அங்கே யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று சொல்லிவைத்தேன். வாசலிலேயே மோனிஷாவின் பேனர் இருந்தது. தினமும் அதன் அடியில் நுழைந்து வகுப்புக்குப் போனேன். ஓட்டியவன் குடித்திருந்தான் என்று வகுப்பில் பேசிக்கொண்டார்கள். கள்ளைக்கூடத் தொடாதவன் நீ. நான் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

ஒரு நாள் நூலகத்தில் சதீஷ் என்னைத் தேடி வந்தான். வரலாறு மூன்றாம் வருடம். மோனிஷாவுக்காக நடக்கவிருந்த ரோடு மறியலை ஏற்பாடு செய்பவர்களில் முன்னால் நிற்பவன்.

"நீதான 'பூதங்கள் தூங்குவதில்லை' எழுதுன பொண்ணு?"

"ஆமா."

"மறியல் அன்னிக்கு ரோட்டுலயே பத்து நிமிஷம் நாடகம் போடப் போறோம். லாரிய ஒரு பூதமா காட்டணும். டிரைவர்தான் அதோட தலை. பாக்கறவன் ஒருத்தனும் மறக்கக் கூடாது. உன்ன விட்டா இத யாரு எழுதுவா, சொல்லு?"

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பான். அதற்காக மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, நைனா. அந்தத் திருப்பத்தில் வேகத்தடை வேண்டும் என்று நானும் நினைத்தேன். பிள்ளைகள் போகும் நேரத்தில் லாரி வரக் கூடாது என்று நானும் நினைத்தேன். மோனிஷா செத்தது நிஜம். "எழுதித் தரேன்" என்றேன்.

மூன்று நாள் எழுதினேன். பத்துக் கால்களால் உருண்டு வரும் பூதம். புழுதியைக் குடித்துப் புகையைக் கக்கும் பூதம். கண் சிவந்த பூதம். சதீஷ் படித்துவிட்டு, "சூப்பர். ஆனா குடிச்சிட்டு ஓட்டுனத விட்டுட்டியே" என்றான். பேனாவை வாங்கி, அவன் எதிரிலேயே, 'குடிகாரப் பூதம்' என்று சேர்த்தேன். இரண்டே சொல். என் கையெழுத்து.

அன்று மாலை பையிலிருந்து அந்தத் தாளை அம்மா எடுத்துவிட்டாள். அவளும் உன்னைப் போல எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நான் குளித்துவிட்டு வந்தபோது விளக்குக்குக் கீழே உட்கார்ந்து, "கு... டி... கா..." என்று படித்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரப் பத்தி பாப்பா?"

"காலேஜ்ல ஒரு கதைம்மா."

"கதையா?" தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். "செரி. துன்ன வா."

அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்று இன்று வரை நான் கேட்கவில்லை.

மறியல் அன்று காலை பத்து மணிக்கெல்லாம் காட்டூர் திருப்பத்தில் இருநூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். முதல் வரிசையில் மோனிஷாவின் அம்மா, மகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு. நெல் பயிரிடுகிற குடும்பம். நாற்று நடவை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். சதீஷ் மைக்கில் படிக்க, அட்டையில் கொம்பு செய்து மாட்டிய ஒரு பையன் உறுமிக்கொண்டு வட்டமாகச் சுற்றினான். என் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். 'குடிகாரப் பூதம்' என்று வந்தபோது மோனிஷாவின் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். நான் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவும் வழியில்லை, சுற்றிலும் முழங்கால்கள்.

அப்போதுதான் ஒரு டிப்பர் வந்தது. மறியல் நடப்பது தெரியாமல் திருப்பத்தில் திரும்பி, எங்களைப் பார்த்ததும் பிரேக் போட்டு நின்றது. முகப்பில் அதே முதலாளியின் பெயர். "அதே வண்டிக்காரன்டா!" என்று யாரோ கத்த, பாதிக் கூட்டம் எழுந்து ஓடியது. கதவில் அடித்தார்கள். கல் ஒன்று கண்ணாடியில் பட்டது. ஒருவன் படிக்கட்டில் ஏறிச் சாவியைப் பிடுங்கினான்.

"எறங்குடா! இவனும் குடிச்சிக்கீறான் பாரு. கண்ணப் பாரு, எப்டி செவந்துக்கீது!"

உள்ளே மாமா இருந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உன் நீலச் சட்டையில்.

நான் எப்படி அங்கே போனேன் என்று நினைவில்லை. முழங்கை சிராய்ந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். படிக்கட்டில் ஏறி, கதவை முதுகால் மறைத்து நின்றேன்.

"குடிக்கல! தூங்கல! இவரு என் மாமா!"

கூச்சல் அடங்கவில்லை. சதீஷ் மைக்கோடு ஓடி வந்தான். "பவானி, எறங்கு. உனக்கு இன்னா பைத்தியமா?"

மைக்கை அவன் கையிலிருந்து வாங்கினேன். "அன்னிக்கு லாரி ஓட்டுனது என் நைனா" என்றேன். "பேரு தேசிங்கு. இங்க படிச்சாங்களே அந்தப் பூதம், அது என் நைனா. அவரு குடிக்க மாட்டாரு. நான் பொய் எழுதிட்டேன்."

பிறகு கைபேசியை மைக்கில் வைத்து உன் குரலைப் போட்டேன்.

ரோட்டில் ஈ பறக்கிற சத்தம் கேட்கும் அளவுக்கு எல்லாரும் அமைதியானார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் "இன்னா சொல்றா?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் "நடிக்கறா" என்றாள். மாமா உள்ளேயிருந்து, "அணைச்சித் தொல பவானி, என் பொயப்பக் கெடுக்காத" என்று கெஞ்சினார். இதற்கு நடுவில் உன் குரல் ரோடெல்லாம் கேட்டது. கண்ணு எரியுது. எதனா கதை அனுப்பும்மா.

மோனிஷாவின் அம்மா எழுந்து வந்தார். வழிவிட்டார்கள். படிக்கட்டுக்குக் கீழே நின்று என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தூக்கம் வருதுன்னு தெரிஞ்சிதில்ல? அப்பறம் ஏன் வண்டிய எடுத்தாரு?"

முதலாளி சொன்னார் என்று சொல்லலாம். வீட்டில் நாலு பேர் சாப்பிட வேண்டும் என்று சொல்லலாம். மடியில் படத்தோடு உட்கார்ந்திருந்தவரிடம் அதையெல்லாம் எப்படிச் சொல்வது? நான் தலையைக் குனிந்தேன். அவர் திரும்பிப் போய், இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார். மறியல் மாலை வரை நடந்தது. மாமாவைப் போலீஸ்காரர் ஒருவர் ஜீப் ஓரத்தில் உட்கார வைத்தார். உட்கார்ந்த இடத்திலேயே அவர் தூங்கிவிட்டார். அதைச் சதீஷும் பார்த்தான்.

"முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

"சொல்லியிருந்தா எழுதச் சொல்லியிருப்பியா?"

அவன் அதிகாரியிடம் கொடுக்க வைத்திருந்த கோரிக்கைத் தாளின் அடியில், டிரைவர்களுக்கு ஓய்வு நேரம் வேண்டும் என்று தன் கையால் ஒரு வரி எழுதினான். நாடகத் தாளில் 'குடிகாரப் பூதம்' என்ற இடத்தைக் காட்டிப் பேனாவை என்னிடமே நீட்டினான். அடித்தேன்.

என்ன நடந்தது என்று கேட்பாய். திருப்பத்தில் இரண்டு வேகத்தடை போட்டிருக்கிறார்கள். காலையும் மாலையும் பள்ளி, கல்லூரி நேரத்தில் லாரி வரக் கூடாது என்று பலகை நட்டிருக்கிறார்கள், பாதி நாள் அதை மதிக்கிறார்கள். நிழற்குடை இன்னும் வரவில்லை. ஓய்வு நேரம் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. மாமாவுக்கு அன்று மாலையே வேலை போனது. இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது இன்னொருவர் படகில் கூலிக்குப் போகிறார். கிடைப்பது பாதிகூட இல்லை. அம்மா, முதலாளியின் காகிதத்தில் இருந்தது உண்மையில்லை என்று பொன்னேரி கோர்ட்டில் சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறாள். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியவில்லை. கல்லூரியில் சிலர் என் பக்கத்தில் உட்காருவதில்லை. முதல் வருடப் பெண்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள்.

கட்டுரையும் வரவில்லை, நைனா. ஒரு பூதத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை நிற்கிறது. கதைகளில் கடைசியில் சாபம் நீங்கும், கோட்டைக் கதவு திறக்கும், உள்ளே மாட்டியவர்கள் வெளியே வருவார்கள். முன்பெல்லாம் அதைப் பக்கம் பக்கமாக அலசுவேன். இப்போது அந்தப் பக்கங்களுக்கு வந்தால் புத்தகத்தை மூடிவிடுகிறேன். என் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லையே.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். இதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன்.

மோனிஷாவின் அம்மா வழக்கு விஷயமாக வெள்ளிக்கிழமைகளில் பொன்னேரிக்கு வருகிறார். நான் வரும் பஸ்ஸில்தான் ஏறுவார். அவர் ஏறினால் நான் இறங்கிவிடுவேன். அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்பேன். போன வெள்ளிக்கிழமை கூட்டத்தில் என்னால் இறங்க முடியவில்லை. காலியான ஒரே இடம் என் பக்கத்து சீட். வந்து உட்கார்ந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"உங்க அப்பா போட்டோ வச்சிக்கீறியா?"

கைபேசியை எடுத்துக் காட்டினேன். லாரிக்கு முன்னால் நின்று எடுத்த படம் வேண்டாம் என்று, சித்தி கல்யாணத்தில் நீ வெள்ளை வேட்டியில் நிற்கும் படத்தைக் காட்டினேன். அவர் வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மூஞ்சி தெரியாம இத்தினி நாளா எவனெவனையோ திட்டிக்கினு இருந்தேன். ரோட்ல போற டிரைவருங்க எல்லாரையும். இனிமே இவர மட்டும் திட்றேன்."

"திட்டுங்கம்மா" என்றேன்.

திட்டினார், நைனா. பொன்னேரி வரைக்கும் திட்டினார். உன் படத்தைப் பார்த்து, நீ எதிரில் நிற்பது போலவே. நடுநடுவே மோனிஷாவைப் பற்றியும் சொன்னார். அவளுக்குக் கணக்கு வராது, ஆனாலும் பி.காம்.தான் சேருவேன் என்று பிடிவாதம் பிடித்தாளாம். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. இறங்கும்போது கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அடுத்த வெள்ளிக்கெயம வருவியா?" என்று கேட்டார்.

வருவேன் என்று சொன்னேன். உனக்கும் சொல்கிறேன். இனி வழியில் இறங்க மாட்டேன். உனக்காக வாதாடவும் மாட்டேன், மன்னிப்புக் கேட்டு அவரை நெருக்கவும் மாட்டேன். நீ எப்படிப்பட்ட ஆள் என்று அவராக ஒரு நாள் கேட்டால் அன்றைக்குச் சொல்கிறேன். கேட்காவிட்டாலும் பரவாயில்லை. அவர் திட்டி முடிக்கும் வரை, அது எத்தனை வெள்ளிக்கிழமை ஆனாலும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
லாரி டிரைவர் தேசிங்கின் மகள்,
பவானி